கம்ப்ளெக்ஸிட்டி தியரியில் ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி? கல்லூரி முதல் பேராசிரியர் வேலை வரை

நூதன் லிமாயே, ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன், செபாஸ்தியன் தவெனா ஆகிய மூவர் எழுதிய ஓர் ஆய்வுக்கு, கணினிக் கோட்பாட்டின் உச்ச மாநாடுகளில் ஒன்றான ஃபாக்ஸ் 2021-ஆம் ஆண்டில் சிறந்த கட்டுரை விருது கொடுத்தது. கூட்டலும் பெருக்கலும் மட்டுமே செய்யத் தெரிந்த ஒரு சர்க்கியூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடுக்குகளை ஒரு நிலையான எண்ணுக்குள் கட்டிப்போட்டால், சில பல்லுறுப்புக் கோவைகளைக் கணக்கிட அது பூதாகரமாகப் பெருத்தே தீரும் என்பது அவர்கள் நிரூபித்தது. துறையே நெடுங்காலம் காத்திருந்த முடிவு. இவர்களில் முதல் இருவரும் முனைவர் பட்ட ஆய்வு செய்தது சென்னை தரமணியில், மேட்சயின்ஸ் என்று எல்லோரும் சொல்லும் கணித அறிவியல் நிறுவனத்தில். ஐடி கம்பெனி பஸ்ஸில் தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களில் பலருக்கு உள்ளே இப்படியொரு வேலை நடப்பதே தெரியாது.

அந்த வேலைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் துறையில் யாரோடு சேர்ந்து யோசிக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். கல்லூரிப் பெயர், மார்க், தேர்வு ரேங்க் எல்லாம் அந்த ஆட்களிடம் போய்ச் சேர்வதற்கான வண்டிச் செலவு.

முதலில், இது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

அல்காரிதம் ஆய்வாளர் ஒரு கணக்கை வேகமாகப் போட வழி தேடுகிறார். கம்ப்ளெக்ஸிட்டி ஆய்வாளர் அதற்கு மேல் வேகமாகப் போட முடியவே முடியாது என்று நிரூபிக்கப் பார்க்கிறார். இரண்டாவது வேலை பயங்கரக் கடினம். ஒரு வழியைக் காட்ட ஒரு வழி போதும். வழியே இல்லை என்று காட்ட, இனி யாரும் யோசிக்கப்போகிற எல்லா வழிகளையும் சேர்த்து மறுக்க வேண்டும்.

இந்தத் துறைக்குப் பெயர் வந்தது 1965-ல் ஹார்ட்மானிஸும் ஸ்டெர்ன்ஸும் எழுதிய கட்டுரையால். 1971-ல் ஸ்டீபன் குக் பி, என்பி கேள்வியை இன்றைய வடிவத்தில் வைத்தார்: விடையை வேகமாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகளை (என்பி) எல்லாம் வேகமாகப் போடவும் முடியுமா (பி)? சோவியத் யூனியனில் லியோனிட் லெவின் தனியாக அதே இடத்துக்கு வந்தார். 1972-ல் ரிச்சர்ட் கார்ப் 21 வெவ்வேறு கணக்குகளை எடுத்து, அத்தனையும் அடியில் ஒரே கணக்குதான் என்று காட்டினார். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, பி-யும் என்பி-யும் ஒன்றா வேறா என்று யாருக்கும் தெரியாது. 2000-ல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பணம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பரிசைக் குறிவைத்து இந்தத் துறைக்கு வராதீர்கள். ஏன் என்றால், நம் கையில் இருக்கும் நிரூபண முறைகள் அந்தக் கேள்விக்குப் போதாது என்பதையே நிரூபணமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1975-ல் பேக்கர், கில், சாலொவே ஒரு தடுப்புச்சுவரைக் காட்டினார்கள். 1994-ல் ரஸ்பரோவ், ருடிச் இன்னொன்று. 2008-ல் ஆரன்சன், விக்டர்சன் மூன்றாவது. புதிதாக ஒருவர் ‘நான் தீர்த்துவிட்டேன்’ என்று வந்தால், துறைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இந்த மூன்று சுவர்களையும் எப்படித் தாண்டினாய் என்பதுதான். பேராசிரியர்களுக்கு இப்படிப்பட்ட நிரூபணங்கள் மெயிலில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் உங்கள் பெயரும் சேர வேண்டாம்.

உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பார்க்க ஒரே சோதனைதான். ஒரு நிரூபணத்தில் புரியாத ஒரு வரியோடு ஒரு முழு நாள் உட்கார முடிகிறதா? எரிச்சலை விட ஆர்வம் கூடுதலாக இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் அல்காரிதம், கிரிப்டோ, மெஷின் லேர்னிங் என்று பக்கத்திலேயே நல்ல வேலைகள் நிறைய இருக்கின்றன. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

நிரூபணம் எழுதப் பழகுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இந்தத் துறையோடு அறிமுகம் டிஓசி, அதாவது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பர் வழியாகத்தான். டிஎஃப்ஏ படம் போடு, கிராமர் எழுது, பம்ப்பிங் லெம்மாவுக்கு 13 மார்க். படத்தை வரைந்தால் மார்க் வந்துவிடும், ஏன் சரி என்று யாரும் கேட்பதில்லை. ஆராய்ச்சியில் கேட்பது அந்த ‘ஏன்’ மட்டும்தான். இந்த இடைவெளியை நீங்களேதான் நிரப்ப வேண்டும்.

எங்கே சறுக்கும் என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். 3-சாட் என்பது ஒவ்வொரு அடைப்பிலும் மூன்று மாறிகள் (அல்லது அவற்றின் மறுப்புகள்) கொண்ட ஒரு தர்க்க வாக்கியம்; அதை உண்மையாக்கும் மதிப்புகள் உண்டா என்பது கேள்வி. இன்டிபென்டென்ட் செட் என்பது ஒரு கிராஃபில் ஒன்றோடொன்று கோடு இல்லாத முனைகளின் கூட்டம். இரண்டாவது கணக்கு கடினம் என்று காட்ட, முதலாவதை அதற்குள் மாற்றி எழுத வேண்டும். மாணவர்கள் பாதிப் பேர் திசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள். கடினம் என்று ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். திருப்பிப் போட்டால் ஒன்றுமே நிரூபணம் ஆகாது.

சரி, மாற்றி எழுதுவோம். ஒவ்வோர் அடைப்புக்கும் ஒரு முக்கோணம் போடுங்கள், மூலைக்கு ஒரு மாறி. ஓரிடத்தில் ஒரு மாறியும் வேறோர் இடத்தில் அதன் மறுப்பும் வந்தால் அந்த இரண்டு முனைகளையும் கோடு போட்டு இணையுங்கள். அடைப்புகள் மொத்தம் எத்தனையோ அத்தனை முனைகள் கொண்ட இன்டிபென்டென்ட் செட் இருக்கிறதா என்று கேளுங்கள். வாக்கியத்தை உண்மையாக்க முடிந்தால் அப்படி ஒரு செட் உண்டு என்பதை எல்லோரும் எழுதிவிடுவார்கள்: ஒவ்வோர் அடைப்பிலும் உண்மையான ஒரு மாறியைப் பொறுக்கினால் போதும்.

மறுபக்கம்தான் விட்டுப்போகும். செட் இருந்தால் வாக்கியத்தை உண்மையாக்க முடியுமா? ஒரு முக்கோணத்திலிருந்து இரண்டு முனைகள் வர முடியாது, நடுவே கோடு இருக்கிறது. ஆகவே முக்கோணத்துக்குச் சரியாக ஒன்று. ஒரு மாறியும் அதன் மறுப்பும் சேர்ந்து வர முடியாது, அங்கும் கோடு இருக்கிறது. ஆகவே செட்டில் உள்ளவை எல்லாம் உண்மை என்று வைத்தால் முரண் வராது. செட்டில் தொடாமல் விட்ட மாறிகள்? அவற்றுக்கு எதை வைத்தாலும் சரி. இந்தக் கடைசி வரியை எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தே ஒரு மாணவர் நிரூபணம் எழுதத் தெரிந்தவரா என்று சொல்லிவிடலாம்.

புத்தகம் என்றால் இரண்டு போதும். தொடக்கத்துக்கு மைக்கேல் சிப்சர் எழுதிய பாடநூல். அதை முடித்த பிறகு 2009-ல் வந்த அரோரா, பராக் புத்தகம். பயிற்சிக் கணக்குகளைப் போடாமல் அத்தியாயங்களை மட்டும் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விடையை எழுதி நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஓட்டை தேடச் சொல்லுங்கள். அந்த நண்பர் கிடைப்பது புத்தகம் கிடைப்பதை விடப் பெரிய விஷயம்.

கணிதத்தில் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு இரண்டும் கட்டாயம். அவற்றோடு கொஞ்சம் சேர்மானவியல், குலம் (குரூப்), புலம் (ஃபீல்டு) வரைக்குமான இயற்கணிதம். கால்குலஸில் நீங்கள் வாங்கிய மார்க்கை இங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

எங்கே படிப்பது

பள்ளி முடிக்கும்போதே தெளிவாக இருந்தால் சிறுசேரி சிப்காட்டில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், அதாவது சிஎம்ஐ, முதல் தேர்வாக இருக்க வேண்டும். அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் 1998 முதல் நடக்கிறது. நுழைவுத் தேர்வில் கோச்சிங் வாசனை குறைவு. நிரூபிக்கச் சொல்லும் கேள்விகள் வரும். வீட்டில் ‘ஐஐடி கிடைக்காவிட்டால் இதுவா’ என்பார்கள். இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு இதை இரண்டாம் பட்சமாக நினைக்கவே தேவையில்லை. மும்பையில் டிஐஎஃப்ஆர் என்னும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் ராம்பிரசாத் சப்தரிஷி சிஎம்ஐயில்தான் படித்து முனைவர் ஆனார். சர்க்கியூட் கீழ்வரம்புகள் (ஒரு கணக்குக்குக் குறைந்தது எவ்வளவு பெரிய சர்க்கியூட் வேண்டும் என்ற எல்லைகள்) பற்றி அவர் தொகுத்துவரும் நெடும் ஆய்வுரையைத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் எல்லோரும் புரட்டுகிறார்கள்.

பொறியியலில் சேர்ந்துவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், கதவுகள் நிறையத் திறந்திருக்கின்றன. சிஎம்ஐயில் எம்எஸ்சி கணினி அறிவியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. மேட்சயின்ஸ் ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு வழியாக மாணவர்களை எடுத்துவந்திருக்கிறது. அதில் கணினிக் கோட்பாட்டுக்கென்றே ஒரு தாள் இருந்துவந்திருக்கிறது. மும்பை டிஐஎஃப்ஆர் தேர்வு வழக்கமாக டிசம்பரில் வரும். ஐஐடிகளுக்கும் பெங்களூரு ஐஐஎஸ்சிக்கும் கேட். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். எல்லாவற்றிலும் எழுத்துத் தேர்வு உங்களை அறை வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும். உள்ளே நேர்காணலில் கரும்பலகையில் ஒரு கணக்கைக் கொடுத்து, நீங்கள் மாட்டிக்கொள்ளும்போது என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்பது, கேள்வியைச் சுருக்கிக் கேட்பது, ‘இது வேலைக்கு ஆகாது, ஏனென்றால்’ என்று சொல்லத் தெரிவது, இவைதான் கணக்கில் வரும்.

கோடை விடுமுறையும் ஒரு மெயிலும்

இளநிலையிலோ முதுநிலையிலோ ஒரு கோடையையாவது ஓர் ஆய்வுக்குழுவில் கழியுங்கள். டிஐஎஃப்ஆரில் விஎஸ்ஆர்பி என்ற கோடைத் திட்டம் உண்டு. மேட்சயின்ஸிலும் கோடை மாணவர்களை எடுப்பார்கள். இவை தவிர நேராகப் பேராசிரியருக்கு மெயில் எழுதியும் இடம் கிடைக்கிறது. ஆனால் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, சிறுவயது முதல் கணினி மீதுள்ள காதலைச் சொல்லி, நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் பதில் வராது. அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லெம்மாவையாவது (துணைத் தேற்றம்) படியுங்கள். எது புரிந்தது, எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் போட்ட ஒரு நிரூபணத்தை ஒரு பக்கத்தில் இணையுங்கள். இப்படி வரும் மெயில்கள் மிகக் குறைவு என்பதாலேயே படித்துப் பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், டிசம்பரில் இந்தியாவில் எங்காவது ஓர் ஊரில் எஃப்எஸ்டிடிசிஎஸ் என்ற கணினிக் கோட்பாட்டு மாநாடு நடக்கும். 1981-ல் தொடங்கியது, இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. பக்கத்து ஊர் என்றால் மாணவராகவே போய் உட்காருங்கள். பேச்சுகளில் முக்கால்வாசி தலைக்கு மேல் போகும், போகட்டும். டீ நேரத்தில் அங்கே ஆய்வு மாணவர்களிடம் பேசித் தெரிந்துகொள்வது எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

முனைவர் பட்டம்: இங்கேயா, அங்கேயா?

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் அரசு ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்காவில் நல்ல துறைகளில் கட்டணம் கிடையாது, கற்பிப்பு உதவிக்கோ ஆய்வு உதவிக்கோ சம்பளம் தருவார்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். விண்ணப்பம் டிசம்பரில். ஐரோப்பாவில் பல நாடுகளில் முதுநிலைப் பட்டம் முடித்த பிறகுதான் எடுப்பார்கள், மூன்று நான்கு ஆண்டில் முடியும், ஊழியராகவே சம்பளம். முனைவர் படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். பணம் தராத இடம் உங்களை வேண்டாம் என்று சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மற்றபடி, நாட்டைப் பார்க்காமல் உட்பிரிவைப் பாருங்கள் என்பேன். இயற்கணிதக் கம்ப்ளெக்ஸிட்டி என்று ஒரு கிளை இருக்கிறது. 1979-ல் லெஸ்லி வேலியன்ட் போட்ட கேள்விகளிலிருந்து வளர்ந்தது. இந்தக் கிளையில் சென்னை, மும்பை, கான்பூர், பெங்களூரு நான்கும் உலக அளவில் முன்வரிசை. அதில் ஆர்வம் உள்ளவர் வெளிநாடு போயே ஆக வேண்டும் என்று நினைப்பது வெறும் பழக்கதோஷம். ஆனால் கோடிங் தியரியோ (பிழை திருத்தும் குறியீடுகள்), பிசிபி தேற்றத்தைச் சுற்றிய வேலையோ (ஒரு நிரூபணத்தில் சில இடங்களை மட்டும் பார்த்துச் சரிபார்ப்பது), குவாண்டம் கம்ப்ளெக்ஸிட்டியோ என்றால் பெரிய கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. சென்னையில் பிறந்த மது சூடன் டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு பெர்க்லி போனவர். 2002-ல் கணினிக் கோட்பாட்டுக்கான நெவன்லின்னா பரிசு வாங்கினார். சென்னை ஐஐடியில் படித்த வெங்கடேசன் குருசாமியும் பிரஹலாத் ஹர்ஷாவும் எம்ஐடியில் அவரிடம்தான் முனைவர் பட்டம் செய்தார்கள். ஹர்ஷா பிறகு டிஐஎஃப்ஆருக்குத் திரும்பினார். ஒருவர் கையைப் பிடித்து அடுத்தவர் என்று இப்படித்தான் இந்தத் துறை வளர்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய விருதுப் பட்டியலைப் பார்ப்பதை விட, அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். இப்போதைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: வாரம் ஒருமுறையாவது சந்திக்கிறாரா? நீங்கள் மாட்டிக்கொண்டால் சேர்ந்து யோசிக்கிறாரா, ‘இன்னும் முயற்சி செய்’ என்று அனுப்பிவிடுகிறாரா? கட்டுரையில் மாணவர் பங்கை வெளியில் சொல்கிறாரா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் ஊர், பனி, சாப்பாடு எதையும் யோசிக்காமல் போய்ச் சேருங்கள்.

முதல் ஆய்வுக் கேள்வி

சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லோரையும் வாட்டுவது இதுதான். பெரிய கேள்விகளெல்லாம் ஐம்பது ஆண்டாகத் திறந்தே கிடக்கின்றன, சின்னக் கேள்விகளெல்லாம் முடிந்துவிட்ட மாதிரி தெரியும்.

கான்பூர் ஐஐடி கதையைக் கொஞ்சம் விரிவாகப் பாருங்கள். ஓர் எண் பகா எண்ணா என்று உறுதியாகவும் வேகமாகவும் சோதிக்கும் முறையை 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா வெளியிட்டார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். இரண்டு பொடியன்கள் உலகத்தை ஆட்டிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மை அதை விட நிதானமானது. அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் 1999-லேயே பகா எண் சோதனையைப் பல்லுறுப்புக் கோவைகளின் சமன்பாடாக மாற்றும் வழியை எழுதியிருந்தார்கள், ஆனால் அதில் நாணயம் சுண்டுவது போல் எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதை நீக்க முடியுமா என்ற கேள்வி மாணவர் ப்ராஜெக்ட் ஆனது. 2001-ல் வேறு இரண்டு மாணவர்கள் அதில் வேலை செய்து ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு கயாலும் சக்சேனாவும் அங்கிருந்து தொடங்கினார்கள். 2006-ல் மூவருக்கும் கணினிக் கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கான கோடல் பரிசு கிடைத்தது.

நீங்கள் தேட வேண்டியதும் அப்படிப்பட்ட, பாதி வழி வந்து நிற்கும் கேள்வியைத்தான். அண்மையில் வந்த ஒரு நல்ல கட்டுரையை எடுங்கள். அதன் தேற்றத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்: எது இல்லாவிட்டால் நிரூபணம் உடைகிறது, எது சும்மா வசதிக்காக இருக்கிறது? வசதிக்காக இருப்பதை நீக்கினால் ஒரு சின்னக் கட்டுரை. உடைவதை ஒட்டவைத்தால் பெரிய கட்டுரை.

இன்னொரு வழி, வேறு கிளையிலிருந்து கருவியைக் கடன் வாங்குவது. 2025-ல் ரயன் வில்லியம்ஸ் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல உதாரணம். ஒரு கணக்குக்கு ஆகும் நேரத்தின் ஏறக்குறைய வர்க்கமூலம் அளவு நினைவிடம் இருந்தால் போதும், அதே கணக்கைப் போட்டுவிடலாம் என்று காட்டினார். இதற்கு முன்பிருந்த முடிவு 1970-களில் ஹாப்கிராஃப்ட், பால், வேலியன்ட் கொடுத்தது. நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு பெரிய அசைவு இல்லை. வில்லியம்ஸுக்கு வழி திறந்தது 2024-ல் ஜேம்ஸ் குக், இயன் மெர்ட்ஸ் இருவரும் வேறொரு கணக்குக்காகச் செய்த வேலை. ஜேம்ஸ், 1971 கதையில் மேலே பார்த்த அந்த ஸ்டீபன் குக்கின் மகன். அப்பா உருவாக்குவதில் பங்கெடுத்த அந்தக் கணக்கை, அவரே நினைத்ததை விடக் குறைந்த நினைவிடத்தில் மகன் போட்டுக்காட்டினார் என்பது தனிக் கதை.

எழுதி வெளியிடுவது

நிரூபணம் முடிந்ததும் உடனே வெளியிடாதீர்கள். ஒரு வாரம் மூடிவையுங்கள், பிறகு எதிரி எழுதியது போலப் படியுங்கள். தவறு பெரியவர்களுக்கும் வரும். லாஸ்லோ பாபாய் 2015 இறுதியில் கிராஃப் ஐசோமார்ஃபிசம் கணக்குக்கு (இரண்டு கிராஃப்கள் ஒரே அமைப்புதானா என்ற கேள்வி) பெரிய முன்னேற்றம் அறிவித்தார். 2017 ஜனவரியில் ஹரால்ட் ஹெல்ஃப்காட் அதில் ஒரு பிழை கண்டுபிடித்தார். பாபாய் அதைப் பொதுவில் ஒப்புக்கொண்டு, சில நாட்களிலேயே சரிசெய்துவிட்டார். அவர் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. பிழையை மறைத்திருந்தால்தான் குறைந்திருக்கும்.

கட்டுரையை ஆர்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் போடலாம். கம்ப்ளெக்ஸிட்டிக்கென்றே 1994 முதல் இயங்கும் இசிசிசி என்ற களஞ்சியத்திலும் போடலாம். இந்தத் துறையில் ஜர்னலை விட மாநாடுகளுக்குத்தான் மவுசு. ஸ்டாக், ஃபாக்ஸ் இரண்டும் உச்சம். வரும் கட்டுரைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுப்பார்கள். கம்ப்ளெக்ஸிட்டிக்கென்று தனியாக சிசிசி மாநாடு இருக்கிறது. முதல் கட்டுரைக்கு எஃப்எஸ்டிடிசிஎஸ் மிகவும் ஏற்ற இடம். மதிப்பீட்டாளருக்கு நேரம் குறைவு. முதல் பத்துப் பக்கத்துக்குள் என்ன நிரூபித்தீர்கள், முன்பு ஏன் முடியவில்லை, உங்கள் புது யோசனை எது என்ற மூன்றும் வந்துவிட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கட்டுரையில் பெயர்கள் அகர வரிசையில் வரும், யார் அதிகம் உழைத்தார் என்ற வரிசை கிடையாது. வரிசை குடும்பப் பெயரை வைத்து அமையும். நமக்கு இருப்பதோ இனிஷியல். டிபிஎல்பி போன்ற இணையக் கட்டுரைப் பட்டியல்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு இடத்திலும், கட்டுரையில் வெறும் எழுத்தாகவும், விசாவில் வேறு மாதிரியும் இருந்தால் உங்கள் வேலை மூன்று ஆட்களின் வேலையாகப் பிரிந்து கிடக்கும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்டாக், பிறகு வேலை

பட்டம் முடிந்ததும் நேராகப் பேராசிரியர் வேலை கிடைப்பது அரிது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, வழக்கம், பெரும்பாலும் இரண்டு ஊர்களில். பெர்க்லியில் 2012-ல் தொடங்கிய சைமன்ஸ் நிறுவனம் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தலைப்பை எடுத்து உலகத்தையே கூட்டிவைக்கும்; அங்கே ஒரு பருவம் இருந்தால் பத்துப் புதிய கூட்டாளிகள் கிடைப்பார்கள். வழிகாட்டியின் நிழலை விட்டு வெளியே வந்து, அவர் பெயர் இல்லாத இரண்டு மூன்று நல்ல கட்டுரைகளாவது இந்தக் காலத்தில் வர வேண்டும். வேலை கொடுக்கிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

அமெரிக்காவில் விண்ணப்பக் காலம் நவம்பர், டிசம்பர், நேர்காணல் பிப்ரவரியிலிருந்து. உங்கள் விதியை எழுதுவது பரிந்துரைக் கடிதங்கள். அதில் ஒன்றாவது உங்களோடு சேர்ந்து எழுதாத ஒருவரிடமிருந்து வந்தால் எடை கூடும். அதற்காகவே ஆண்டுக்கு இரண்டு மூன்று இடங்களில் போய்ப் பேச வேண்டும். வேலைப் பேச்சில் அறையில் முக்கால்வாசிப் பேர் வேறு துறைக்காரர்கள் என்பதை மறந்து முதல் நிமிடமே லெம்மாவுக்குள் இறங்கினால் முடிந்தது கதை.

இந்தியாவில் ஐஐடிகளில் ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். நிரந்தர உதவிப் பேராசிரியர் பதவிக்கு, பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய், படிகள் தனி. மேட்சயின்ஸ், டிஐஎஃப்ஆர் போன்ற இடங்களில் கற்பிக்கும் சுமை குறைவு, இடங்களும் குறைவு. விண்ணப்பிப்பதற்கு முன் அந்தத் துறையில் ஒரு பேச்சு கொடுக்கக் கேளுங்கள். கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும். கையில் இருக்கும் போஸ்ட்டாக்கை விட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

பல்கலைக்கழக வேலை அமையாமல் போவதும் நடக்கும், நல்ல ஆய்வாளர்களுக்கே நடக்கும். கிரிப்டோகிராஃபி நிறுவனங்கள், நிதி நிறுவனங்கள், தொழில்துறை ஆய்வகங்கள் எல்லாம் நிரூபணம் எழுதத் தெரிந்த ஆட்களை விரும்பி எடுக்கின்றன. இவற்றில் ஆய்வகம் மட்டும் வேறு ரகம், அங்கே தேற்றங்களை விட வேண்டியதில்லை. கான்பூர் மூவரில் ஒருவரான நீரஜ் கயால் போனது பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சுக்கு. நான்கு அடுக்குச் சர்க்கியூட்டுகளுக்கு 2013-ல் அவரும் சப்தரிஷியும் இன்னும் இருவரும் எழுதிய கீழ்வரம்பு, 2021-ல் லிமாயேவும் ஸ்ரீநிவாசனும் தவெனாவும் வந்து சேர்ந்த பாதையில் ஒரு முக்கியமான படி.